தொட்டிக்குள் இறங்கும் சமூகம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். நான் பார்க்கும் வேலைக்கு அது ஆகவே ஆகாது. வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவர்களுக்காக ஆலைகளுக்குப் போய், தண்ணீரை எவ்வளவு உறிஞ்சுகிறார்கள், கழிவை எங்கே விடுகிறார்கள், ஆட்களை எப்படி நடத்துகிறார்கள் என்று அளந்து மதிப்பெண் போட வேண்டும். எதைப் பார்த்தாலும் முகத்தில் காட்டிக்கொள்ளக் கூடாது. போன வருடம் குற்றாலத்தில் சாரல் கட்டியிருந்த நாட்களில், அச்சன்புதூரைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் ஓர் ஒயின் ஆலையில், அளவெடுக்கப் போன இடத்தில் ஒருவனின் மணிக்கட்டை அடித்து உடைத்தேன். இன்றுவரை அதற்காக வருத்தப்படவில்லை.

கம்பத்திலிருந்து லாரியில் வரும் திராட்சையை நசுக்கி, தோலோடு சேர்த்துப் பெரிய எவர்சில்வர் தொட்டிகளில் புளிக்க வைப்பார்கள். சாற்றை வடித்த பிறகு உள்ளே சக்கை நிற்கும். தொட்டியின் கீழ்ப்பக்கம், இடுப்பு உயரத்தில் ஒரு வட்டக் கதவு உண்டு. அதன் வழியாக ஓர் ஆள் உள்ளே புகுந்து சக்கையை அள்ளிப் போட வேண்டும். புளித்தபோது உண்டான கரியமில வாயு அங்கேயே தங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. காத்தாடி வைத்து அதை வெளியேற்றாமல் தலையை நீட்டினால் நாலு மூச்சில் ஆள் காலி. அந்த ஆலையில் காத்தாடி கருகிப்போய் மூலையில் கிடந்தது.

எல்லாத் தொட்டியிலும் இறங்குகிறவர் ஒருவர்தான். பக்கத்து ஊரில், ஊருக்கு வெளியே இருக்கும் தெருவைச் சேர்ந்தவர். அவர் மனைவியும் அங்கேயே பழம் பொறுக்கும் வேலை பார்த்தாள். காலையில் நான் ஆலைக் கிணற்றில் சோதனைக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தபோது இரண்டு பேரும் வந்து நின்றார்கள்.

“போன தடவ உள்ள மயங்கிட்டேன் எக்கா. காலப் பிடிச்சு இழுத்துப் போட்டாவ. ஒண்ணு, காத்தாடியச் சரி பண்ணச் சொல்லுங்க. இல்ல, எல்லாவனும் முறை வச்சு இறங்கட்டும். அடுத்த தடவ நான் திரும்பி வரமாட்டேன்” என்றார்.

மத்தியானம் வேலையாட்களோடு நாங்கள் நடத்தும் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் இதைச் சொல்லுங்கள், அப்போதுதான் ஆலைக்காரர்கள் மழுப்ப முடியாது என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

கூட்டத்தை நடத்தியவர் என்னோடு சென்னையிலிருந்து வந்த சக ஊழியர். தங்கமான மனிதர். கேள்விகளை ஆங்கிலத்திலிருந்து அவரே தமிழாக்கி வைத்திருந்தார். பழக்கூடைகளுக்கு நடுவே ஆட்களை உட்காரவைத்து அவர் பேச ஆரம்பித்தபோது, நான் அதே கொட்டகையின் மறுகோடியில், ஒரு தொட்டியின் வட்டக் கதவைத் திறந்து வாயு அளக்கும் கருவியை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தேன். கருவி வீறிட்டு அலறியது. அந்த அலறலுக்கு நடுவில் அவர் கேட்டது என் காதில் விழுந்தது.

“இந்த ஆலை உங்கள் சமூகத்துக்கு என்ன செய்திருக்கிறது?”

‘கம்யூனிட்டி’ என்ற சொல்லை அவர் அப்படித் தமிழாக்கியிருந்தார். அவர் மனதில் இருந்தது ஊர், அக்கம்பக்கம், ஜனங்கள். நான் பிறந்து வளர்ந்த இந்தத் தென்காசிப் பக்கத்தில் சமூகம் என்றால் அதற்கு ஒரே பொருள், சாதி. கல்யாண மண்டபத்துப் பலகையில் இருப்பதும் அதுதான், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் நைசாகக் கேட்பதும் அதுதான்.

தொட்டியில் இறங்குகிறவர் எழுந்தார்.

“எங்க சமூகத்துக்கா சார்? தொட்டியக் குடுத்திருக்காவ. வேற எந்தச் சமூகத்துக்காரன் உள்ள இறங்குதான்னு நீங்களே கேளுங்க.”

ஆட்களை மேய்க்கும் மேஸ்திரி பின்னாலிருந்து வந்து செவிட்டில் அறைந்தான். “ஏலே, வெளியாளுகிட்ட சமூகம் பேசுதியோ?” இவர் கூடைகளின் மேல் விழுந்தார். பழம் நாலாபக்கமும் சிதறியது. எழுந்த வேகத்தில் தலையால் மேஸ்திரியின் நெஞ்சில் முட்டினார். அவ்வளவுதான். மேஸ்திரியின் ஆட்கள் இரண்டு பேர் பாய்ந்து, ஒருவன் முடியைப் பிடிக்க, இன்னொருவன் முதுகில் மிதித்தான். சென்னைக்காரர் “ப்ளீஸ், ப்ளீஸ்” என்று குறுக்கே போய் மூக்கு உடைந்து திரும்பினார். புருஷனைக் காப்பாற்றக் குறுக்கே விழுந்தவளை மேஸ்திரி வயிற்றில் உதைத்தான். அவள் புருஷனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு நான் நின்ற இடத்துக்கே வந்தார்கள்.

“இறங்குலே. உன் சமூகத்துக்குக் குடுத்த தொட்டிதான, இறங்கு.”

நான் திறந்து வைத்த கதவு. அவர் தலையை அதற்குள் திணித்து, மேஸ்திரி பிடரியை அழுத்திப் பிடித்துக்கொண்டான். என் கையில் கருவி அலறிக்கொண்டே இருந்தது. உள்ளே காற்றில்லை, செத்துப்போவார் என்று கத்தினேன். மேஸ்திரி சிரித்தான். உதறிக்கொண்டிருந்த கால்கள் துவள ஆரம்பித்தன.

சக்கை அள்ளும் மண்வெட்டி பக்கத்தில் சாய்ந்திருந்தது. “எடுலே கைய!” என்று கத்திக்கொண்டே அதன் பின்பக்கத்தால் அவன் மணிக்கட்டில் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவன் ஊளையிட்டுக்கொண்டு உட்கார்ந்தான். இன்னும் ஒன்று போட ஓங்கினேன். மற்ற இரண்டு பேரும் விலகி ஓடினார்கள்.

வெளியே இழுத்துப் போட்டபோது அவர் உதடு நீலமாக இருந்தது. கதவின் விளிம்பு கிழித்து, புருவத்திலிருந்து ரத்தம் வழிந்தது. மூச்சில்லை. உடைந்த மூக்கோடு சென்னைக்காரர்தான் மண்டியிட்டு நெஞ்சை அழுத்தி அழுத்தி அந்த மூச்சை மீட்டார்.

என் காரில் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவர் மனைவி பின்சீட்டிலிருந்து என் தோளில் குத்திக்கொண்டே வந்தாள். “நீங்கதான பேசச் சொன்னிய! நீங்கதான பேசச் சொன்னிய!” வலித்தது. குத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிழைத்துக்கொண்டார். முதலாளி ஆஸ்பத்திரிக்கே வந்து கைகூப்பினார். “சின்னத் தகராறு மேடம். நம்ம ஆலையில சமூகப் பிரச்சினையே கிடையாது.” அந்த வாயிலும் ஒன்று போட்டிருப்பேன், நர்ஸ் நடுவில் நின்றாள். நடந்ததை ஒன்றுவிடாமல் அறிக்கையில் எழுதினேன். மேஸ்திரி மேல் ஒரு வழக்கு, மணிக்கட்டுக்காக என் மேல் ஒரு வழக்கு. இரண்டுக்கும் கோர்ட்டுக்கு நடக்கிறேன். வெளிநாட்டில் ஒயின் வாங்குகிறவர்கள் அறிக்கையைப் படித்துவிட்டு, எல்லாம் சரியாகும்வரை சரக்கு வேண்டாம் என்றார்கள்.

போன மாதம் அவர் மனைவியைப் போனில் கூப்பிட்டேன். அவருக்கு அடிக்கடி தலை சுற்றுகிறதாம், வீட்டோடு இருக்கிறார். அவள் மட்டும் அங்கேயே வேலைக்குப் போகிறாள்.

“புதுக் காத்தாடி வந்துட்டு எக்கா. முகமூடி குடுத்திருக்காவ. கருவிகூட வாங்கி வச்சிருக்காவ” என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்படியென்றால் இப்போது யார் இறங்குகிறார்கள் என்று கேட்டேன்.

“எங்க கொழுந்தன்தான்” என்றாள். “வேற யாரு எக்கா இறங்குவா?”