பதினொரு பேரும் அப்பாவும்

அப்பாவைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், "நல்லதை மட்டும் எழுதும்மா" என்றார் பெரியப்பா. மன்னிக்க வேண்டும் பெரியப்பா. அந்த வேன் விஷயத்தை விட்டுவிட்டு அப்பாவைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. அந்த வேனில் முன் சீட்டில் உட்கார்ந்து வந்ததே நீங்கள்தான்.

அப்பா பிறந்தது சீர்காழிக்குப் பக்கத்தில், ஒரு லுத்தரன் குடும்பத்தில், ஆறு பிள்ளைகளில் கடைசியாக. போதகராக வேண்டும் என்று சிறு வயதிலிருந்தே ஆசை. தாத்தா தவறிப்போனதால் படிப்பு பத்தாவதோடு நின்றது. வயரிங் வேலை கற்றுக்கொண்டு பஹ்ரைன் போனார். ஊருக்கு வந்து அம்மாவைக் கல்யாணம் செய்தார். என்னை மூன்று மாதக் குழந்தையாக விட்டுவிட்டு மறுபடியும் போனார். நான்கு வருஷம் கழித்துத் திரும்பியவரை நான் "மாமா" என்று கூப்பிட்டேனாம். அதோடு பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

கீழ்வேளூரில் எஸ்.டி.டி. பூத் வைத்தார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சுற்றுவட்டாரத்தில் பாதி வீட்டு ஆண்கள் துபாயிலோ மஸ்கட்டிலோ இருந்தார்கள். அங்கே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை என்பதால் அன்றைக்குத்தான் போன் வரும். லைன் கிடைக்கும்வரை பெண்கள் பூத் வாசலில் காத்துக் கிடப்பார்கள். வேலையை விட்டு வர முடியாதவர்களுக்கு போன் வந்தால், அப்பா சைக்கிளில் வயல் வரைக்கும் போவார். "உங்க வீட்டுக்காரர் அரை மணியில மறுபடி கூப்பிடுறாராம், வாங்க." நட்டுக்கொண்டிருந்தவர்கள் சேற்றுக் காலோடு ஓடி வருவார்கள். குழந்தையை விட்டுப் போன மனிதர் அல்லவா, அந்த போனின் அருமை அப்பாவுக்குத் தெரியும்.

காத்திருந்தவர்களோடு அம்மா பேச்சுக் கொடுத்தார். போன் வராமல் அழுதவர்களுக்காக ஜெபம் செய்தார். அதுவே வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டமானது. பூத்துக்குப் பின்னால் அப்பா ஒரு கொட்டகை போட்டார். ஆராதனைக்குப் போவதென்றால் நாகப்பட்டினத்துக்கு பஸ் ஏற வேண்டும். கைக்குழந்தையோடு எத்தனை பேரால் முடியும்? இங்கேயே ஒரு சபை தொடங்கிவிட வேண்டும் என்பதைத் தவிர அப்பாவுக்கு வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. சபைத் தலைமைக்கு விண்ணப்பம் எழுதினார். மூன்று பேர் கொண்ட குழு தஞ்சாவூரிலிருந்து வரும், கணவனும் மனைவியும் இதற்குத் தயாரா என்று பார்த்து முடிவு சொல்லும் என்று பதில் வந்தது.

இங்கேதான் அப்பா சறுக்கினார். ஜெபத்துக்கு வரும் பதினொரு பெண்களைக் காட்டிச் சபை என்றால் குழு சிரிக்கும் என்று பயந்து, அம்மாவிடம்கூடச் சொல்லாமல் சீர்காழிக்கு வேன் அனுப்பிவிட்டார். பெரியப்பா, அத்தைமார், அண்ணன்கள் என்று இருபத்திரண்டு பேர் வந்து இறங்கினார்கள். கொட்டகை நிரம்பியது. பெரியப்பா பாடிய பாட்டில் பக்கத்து வீட்டுக் கோழிகள் வேலி தாண்டிவிட்டன. குழுவினர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

பிறகு இருவரையும் தனித்தனியாக விசாரித்தார்கள். குழுவின் மூத்த போதகர் அடுப்படி வாசலில் நின்று அம்மாவிடம் கேட்டார். உள்ளே தட்டு கழுவிக்கொண்டிருந்த என் காதிலும் விழுந்தது.

"இதுல இந்த ஊர்க்காரங்க எத்தனை பேரும்மா?"

"பதினோரு பேருங்க ஐயா. மத்தவங்கல்லாம் எங்க வீட்டுக்காரர் சொந்தம். காலையில வேன்ல வந்தாங்க. சாப்பிட்டுட்டுக் கிளம்பிடுவாங்க."

அதே கேள்விக்கு அப்பா முப்பத்து மூன்று என்று சொல்லியிருந்தார்.

இப்போதைக்கு அனுமதி இல்லை என்று கடிதம் வந்தது. மூன்று நாள் அப்பா அம்மாவோடு பேசவில்லை. "உங்கம்மாகிட்ட சொல்லு, எனக்குச் சோறு வேணாம்." "உங்கப்பாகிட்ட சொல்லு, பொய் சொல்லிக் கட்டுற கோயில்ல நான் உக்கார மாட்டேன்." இரண்டு பேருக்கும் நடுவில் நான் அலைந்து அலைந்து ஓய்ந்துபோனேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. விஷயம் ஊருக்கே தெரிந்துவிட்டதால் யாரும் வரமாட்டார்கள் என்று அப்பா பூத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை. பதினொரு பேரும் வந்தார்கள். வழக்கம்போல் பாயை விரித்தார்கள். அப்பா மெதுவாகக் கொட்டகைக்கு வந்து எல்லோர் முன்னாலும் நின்றார். "நீங்க போதாதுன்னு நெனச்சுதான் வேன் அனுப்பினேன். என்னை மன்னிச்சிடுங்க" என்றார். அன்றிரவு அம்மா பரிமாறியதைச் சாப்பிட்டார். நடந்ததை அப்படியே குழுவுக்கும் எழுதிப் போட்டார். என் அப்பா பெரிய மனிதர் என்று நான் சொல்வது அந்தச் சில நிமிஷங்களுக்காகத்தான்.

அடுத்த வருஷம் அதே மூன்று பேர் வந்தார்கள். எத்தனை பேர் என்று போதகர் கேட்டதும், "பதினாலுங்க ஐயா. சந்தேகம்னா அவங்களையே கேளுங்க" என்று அப்பா அம்மா பக்கம் கையைக் காட்டினார். போதகர் சிரித்துவிட்டார். "போன வருஷம் அம்மா மட்டும்தான் பாஸ். இந்த வருஷம் நீங்களும் பாஸ்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

செல்போன் வந்து பூத்தை மூட வேண்டியதாயிற்று. கொட்டகை மட்டும் செங்கல் சுவராக உயர்ந்து நின்றது. பக்கவாதம் வந்து அப்பா படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் முறை வைத்துக்கொண்டு வந்து புரட்டிப் படுக்கவைத்தவர்களையும், கஞ்சி கொண்டுவந்தவர்களையும், பார்த்துக்கொண்ட மருத்துவரையும் செவிலியரையும் நாங்கள் மறக்கமாட்டோம். பெரியப்பா, நீங்கள் தள்ளாத வயதில் பஸ்ஸில் வந்து போனதையும்தான்.

அடக்க நாளன்று அம்மா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். என்னை அருகில் அழைத்து, "சொந்தக்காரங்களை விட்டுட்டு எத்தனை பேர் வந்திருக்காங்கன்னு பார்த்துட்டு வா" என்றார். வாசலிலிருந்து தெருமுனை வரை எண்ணிக்கொண்டே போனேன். நாங்கள் ஒருவருக்கும் வேன் அனுப்பவில்லை. இருநூற்றுப் பத்துக்கு மேல் கண்ணீர் மறைத்தது, எண்ண முடியவில்லை. திரும்பி வந்து சொன்னேன்.

அம்மா குனிந்து அதை அப்பாவின் காதில் சொன்னார்.