கொஃப்ர் என்றால் நெஞ்சு

ஆட்டிறைச்சிக் கடைக்கு வந்து பன்றி இறைச்சியைப் பற்றி முறைப்பாடு சொல்லும் மனிதரை நான் பாரிசில்தான் கண்டேன். லா சப்பலில், ரூ லூயி-பிளாங் தெருவுக்குப் பக்கத்தில், பதினொரு வருடமாக இறைச்சி வெட்டுகிறேன். கல்லாவில் நிற்க வந்தவள் நான். வெட்டுகிறவர் ஒருநாள் வராமல் போகக் கத்தியை எடுத்தேன், பிறகு அதை யாரிடமும் திருப்பிக் கொடுக்கவில்லை. பெர்னார் என்ற ஓய்வுபெற்ற ரயில் சாரதி ஒவ்வொரு இலையுதிர்காலமும் எங்களிடம் யாழ்ப்பாணக் கறித்தூள் வாங்க வருவார். வேட்டைக்காரர். சங்லியே எனப்படும் காட்டுப்பன்றியை எங்கள் தூளில் சமைப்பதாகச் சொல்வார். அன்று முகம் வாடியிருந்தது. இந்தமுறை இறைச்சி நாறுகிறது, தூள் பழசா என்று கேட்டார்.

"வெடி எங்கே பட்டது?" என்று என் பிரெஞ்சில் கேட்டேன். "கொஃப்ருக்குத்தான் குறி வைத்தேன்" என்றார். எனக்குத் தெரிந்த கொஃப்ர் காரின் பின்பெட்டி ஒன்றுதான். "பின்பெட்டிக்குள் பூட்டி வைத்தால் நாறாமல் என்ன செய்யும், மெஸ்யூ?" என்று ஏசினேன். மனிதர் திகைத்தார். விளங்கியதும் கண்ணில் நீர் வரச் சிரித்து, தன் நெஞ்சில் தட்டிக் காட்டினார். வேட்டைக்காரர் பேச்சில் கொஃப்ர் என்றால் இதயமும் நுரையீரலும் இருக்கும் நெஞ்சுக்கூடு. "சரி, பட்டது எங்கே?" என்றேன். கை மெல்ல இறங்கி வயிற்றில் நின்றது.

தொங்கிய ஆட்டைத் திருப்பி அதன் விலாக்கூட்டை விரித்துக் காட்டினேன். இதயம் இருந்த இடம் கீழே, முன்னங்கால்கள் இரண்டுக்கும் நடுவில். அதன் மேலும் பின்னும் நுரையீரல். கடைசி விலாவைத் தாண்டினால் இரைப்பையும் குடலும்தான். "உங்கள் துவக்குச் சன்னம் இரண்டு சாண் பின்னால் போய்க் குடலைக் கிழித்திருக்கிறது. குடலில் இருந்தது இறைச்சியில் கலந்தால் என் தூள் என்ன செய்யும்?" பெர்னார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "நீங்கள் ஏன் வேட்டைக்கு வரக்கூடாது, மதாம்?" என்றார்.

அவர் விளையாட்டாகக் கேட்டிருக்கலாம். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. நான் வன்னியில், மாங்குளத்துக்குக் கிழக்கே பிறந்தவள். எங்கள் கச்சான் கடலைத் தோட்டத்தைப் பன்றிகள் கிளறிப்போட்டுவிட்டுப் போகும். பக்கத்துக் காணிக்காரர் அவை வரும் பாதையில் கட்டுத்துவக்கு வைத்தார். கம்பியில் முட்டினால் தானாக வெடிக்கும், எங்கே படும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு பெண்பன்றி வயிற்றில் வெடிபட்டு எங்கள் வேலிப் பற்றைக்குள் மூன்று நாள் கிடந்தது. கிட்டப் போய் முடித்துவைக்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. அது மூச்சிழுக்கும் சத்தம் எங்கள் அடுப்படி வரை கேட்டது. ஊரைப் பற்றி நான் பெருமையாகச் சொல்லாத கதை அது. இந்த நாட்டிலோ துவக்கைத் தொடுமுன் பரீட்சை எழுத வேண்டும்.

கணவருக்குப் பிடிக்கவில்லை. "உமக்கு இறைச்சி வெட்டுறது காணாதோ? இனி அதைச் சுடவும் வேணுமோ?" என்றார்.

"இஞ்சேருங்கோ, சுடுறதெண்டால் ஒழுங்காச் சுடவேணும். அதைத்தான் படிக்கப் போறன்."

பொண்டியில் இருக்கும் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் ரயிலில் வேட்டைப் பரீட்சைப் புத்தகத்தைப் படித்தேன். பிரெஞ்சுச் சொற்கள்தான் புதிது, உறுப்புகள் எனக்குப் பழையவை. பன்றியின் பிடரிமயிர் சிலிர்த்து நிற்பதால் முதுகு உள்ளதைவிட உயரமாகத் தெரியும், அதை நம்பினால் சன்னம் மேலால் போய்விடும் என்பது மட்டும் புதுப்பாடம். முதல் தடவையிலேயே பெர்மி, அதாவது வேட்டை அனுமதிப் பத்திரம், கிடைத்தது.

பெர்னார் என்னைப் பாரிசுக்குத் தெற்கே சொலோஞ் காட்டுக்குக் கூட்டிப்போனார். வேட்டைக்கு வந்த பதினைந்து பேரில் நான் ஒருத்திதான் பெண். எவ்விடம் என்று வேட்டைத் தலைவர் கேட்டார். "லா சப்பல்" என்றேன். "எந்த லா சப்பல்?" என்று சுற்றுவட்டத்தில் அந்தப் பெயரில் உள்ள மூன்று ஊர்களைச் சொன்னார். பாரிசில் இருப்பது என்றேன். "அங்கே காடு இருக்கிறதா?" என்றார். பெர்னார் சிரிப்பை இருமிச் சமாளித்தார்.

முதலில் வந்த பன்றி எனக்கும் பக்கத்தில் நின்றவருக்கும் நடுவால் ஓடியது. ஆள் நிற்கும் பக்கம் முப்பது பாகைக்குள் சுடக்கூடாது. நான் சுடவில்லை. "பயந்துவிட்டாரா?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. அடுத்தது அரைமணி கழித்து வந்தது. மரமில்லாத வெட்டைக்கு வந்து பக்கவாட்டாக நின்று மணம் பிடித்தது, முன்னங்கால் ஒரு அடி முன்னே. அந்தக் கால் மடிப்புக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் குறிவைத்து விசையை அழுத்தினேன். அது விழவில்லை. பாய்ந்து புதருக்குள் மறைந்தது.

வேட்டை நின்றதும் தலைவர் வந்து, "தவறிவிட்டதா?" என்றார். "இல்லை" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அது நின்ற இடத்தில் குனிந்து பார்த்தேன். இலைகளில் வெளிறிய சிவப்பில் நுரைத்த இரத்தம். நுரையீரல் இரத்தம். அறுபதடி தள்ளிப் பன்றி கிடந்தது, உயிர் எப்போதோ போயிருந்தது. எல்லோரும் சுற்றி நிற்க நானே வயிற்றைக் கீறித் திறந்தேன். நுரையீரல் இரண்டும் துளைபட்டிருந்தன. இரைப்பையிலும் குடலிலும் ஒரு கீறல்கூட இல்லை. தலைவர் தொப்பியைக் கழற்றினார். நன்றாகச் சுட்டவருக்குக் கொடுக்கும் வழக்கப்படி ஓக் கொப்பு ஒன்றை முறித்துத் தந்து என் பெயரைச் சொன்னார். தவறாகச் சொன்னார். மூன்றுதரம் திருத்தினேன், நாலாம் தரம் சரியாகச் சொன்னார்.

பின்னேரம் இன்னொரு சுற்று. பக்கத்து இடத்தில் நின்றவர் திடீரென்று இரண்டு வெடி வைத்தார். அடுத்த கணம் நான் ஈரச் சருகில் குப்புறக் கிடந்தேன், வாயைத் திறந்தபடி, போர்க்காலத்தில் வன்னியில் ஷெல் வரும்போது பதுங்குகுழிப் பங்கருக்கு ஓட நேரமில்லாவிட்டால் கிடப்போமே, அப்படி. யார் சொல்லியும் அல்ல, உடம்பு தானாக விழுந்திருந்தது. தலையைத் திருப்பிப் பார்த்தேன். என் வலது கை மட்டும் விழவில்லை. பரீட்சைக்குச் சொல்லித் தந்தபடி துவக்கின் வாயை வானத்துக்குப் பிடித்துக்கொண்டு, விரலை விசைக்கு வெளியே நீட்டி, நிமிர்ந்து நின்றது.