என்ஜினுக்குக் காது கொடுத்த எங்கள் அக்கா

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. சிதம்பரத்தில் அவருக்குத் திதி கொடுக்கும் நாளில் இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும். முதல் கட்டுரையை நான் எழுத வேண்டும் என்று அக்காவின் கணவரான மாமா கேட்டுக்கொண்டார். எனக்கு அந்தத் தகுதி உண்டா என்ற தயக்கத்துடனேயே எழுதுகிறேன். ஏன் தயக்கம் என்பது படிக்கும்போது தெரியும்.

அக்கா பிறந்தது கடலூர் முதுநகரில், ரயில் ஜங்ஷனுக்குப் பின்னால் உள்ள தெருவில். அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் வேலையில் இருந்தார். பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவர். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிப்பேன் என்று அவர் அடம்பிடித்துச் சேர்ந்தபோது அந்த வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். இரண்டாம் ஆண்டில் அப்பா இறந்துபோனார். அதன்பின் அம்மா ரவிக்கை தைத்து எங்களைக் கரைசேர்த்தார். அக்கா படிப்பை விடவில்லை. லேத் மெஷினில் பழகிய கையோடு வீட்டுக்கு வந்து அம்மாவுக்குக் காஜா எடுத்துக் கொடுப்பார். விரலில் கிரீஸ் இருந்தால் துணியில் படுமே என்று அம்மா முதலில் கையைத்தான் பார்ப்பார்.

படிப்பு முடிந்து சில ஆண்டுகளில் சென்னையை அடுத்த ஒரு கார் தொழிற்சாலையில், என்ஜின் பிரிவில் வேலை கிடைத்தது. அங்கே செய்தவை சிறிய பெட்ரோல் என்ஜின்கள். ஒரு லிட்டருக்கும் குறைந்தவை, மூன்று சிலிண்டர் கொண்டவை. பெரும்பாலானவை வெளிநாட்டுக்கானவை. மரப்பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்புவார்கள். போய்ச் சேரும் நாட்டில் காரில் பொருத்துவார்கள். பெட்டியில் அடைப்பதற்கு முன் ஒவ்வொரு என்ஜினையும் ஸ்டாண்டில் ஏற்றிச் சில நிமிடம் ஓட்டிப் பார்ப்பது அக்காவின் வேலை. எண்ணெய் கசிகிறதா, மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, சத்தத்தைக் கேட்பார். திருப்தி என்றால் சீட்டில் கையெழுத்துப் போடுவார். அவர் கையெழுத்து இல்லாமல் பெட்டி மூடப்படாது. நாளடைவில் அந்தப் பிரிவுக்கே பொறுப்பாளர் ஆனார்.

மாமா சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் ஆய்வக உதவியாளர். கல்யாணத்துக்குப் பிறகும் அக்கா வேலையை விடவில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை தொழிற்சாலை விடுதி. சனிக்கிழமை பஸ் பிடித்துச் சிதம்பரம். மகள் பிறந்த பிறகும் இதே ஏற்பாடுதான். குழந்தைக்குச் சோறு ஊட்டி, தலைவாரி, சடை பின்னிப் பள்ளிக்கு அனுப்பியவர் மாமா. இதைச் சொல்லிச் சிரித்த உறவினர்கள் உண்டு. அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன்.

மகள் வயதுக்கு வந்தபோது மஞ்சள் நீராட்டு விழாவுக்கு மண்டபம் பேசி, பத்திரிகையும் அடித்தாயிற்று. தாய்மாமன் என்ற முறையில் சீர் வாங்கும் வேலையில் நான் இறங்கியிருந்தேன். விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது அக்கா என்னைச் சிதம்பரத்துக்கு வரச்சொன்னார்.

"தம்பி, ஃபங்ஷன ஒரு மாசம் தள்ளி வெச்சிக்கலாமா?" என்றார்.

"ஏன், என்னாச்சு?"

"நாங்க என்ஜின் அனுப்புற ஒரு நாட்டுல, மலை மேல இருக்கிற ஊருங்கள்ல காலைல குளிர்ல வண்டி ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது. சரி பண்ணலன்னா ஆர்டர நிறுத்திடுவோம்னு எழுதிட்டாங்க. மூணு பேரு போறோம்."

"மத்த ரெண்டு பேரு ஆம்பளைங்கதான? அவுங்க போவட்டும். நீ எதுக்கு?"

"அவுங்க கம்ப்யூட்டர்ல பாப்பாங்க. காதால கேட்டுப் பழகுனது நான்தான்டா." சற்று நிறுத்திச் சொன்னார்: "கம்மாபுரம், கீரப்பாளையம்னு நம்ம பக்கத்துப் பொம்பளப் புள்ளைங்க இருவது பேரு என் லைன்ல நிக்கிதுங்க. எல்லாம் காண்ட்ராக்ட். ஆர்டர் போச்சுன்னா மொதல்ல அதுங்களதான் வீட்டுக்கு அனுப்புவாங்க."

"அந்தப் புள்ளைங்கதான் முக்கியமா? பெத்த புள்ள முக்கியமில்லயா?"

உள்ளே இருந்த மருமகள் வந்து, "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல மாமா. அம்மா போய்ட்டு வரட்டும்" என்றாள். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு இருந்த பக்குவம் எனக்கு இல்லை.

"குறிச்ச தேதியில நடந்தா வரேன். தள்ளுனீங்கன்னா இந்த வீட்டுக்குத் தாய்மாமனே இல்லன்னு நெனச்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வாசல்வரை வந்த மாமா, "மச்சான், உக்காந்து பேசலாம்" என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. உறவினர் பலரிடமும் அதே வார்த்தையை நானே போய்ச் சொன்னேன்.

அக்கா போனார். அதுவரை விமானத்தில் ஏறியதில்லை. கம்பளிச் சட்டையும் போட்டதில்லை. அங்கே நடந்ததைப் பின்னாளில் அவர் சொல்லித்தான் அறிந்தேன். விடியும் முன்பே போய், குளிரில் நின்ற காரின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாராம். சாவியைத் திருப்பியதும் என்ஜின் பிடிப்பதுபோல் இரண்டு முறை குரல் கொடுத்து அடங்கிவிடும். பெட்ரோல் நெடி அடிக்கும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் மூன்றும் நனைந்திருந்தன. மலையில் காற்று அடர்த்தி குறைவு. கடலோரத்தில் சரியாக இருந்த பெட்ரோல் அளவு அங்கே கூடுதல். என்ஜினில் குறையில்லை, அளவில்தான் குறை என்று அக்கா சொன்னதை உடன் போனவர்கள் கம்ப்யூட்டரிலும் பார்த்து உறுதி செய்து, அளவை மாற்றினார்கள். அதன்பின் தொடர்ந்து ஆறு நாள் காலையில் எல்லாக் கார்களும் முதல் சாவியிலேயே பிடித்தன. ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை.

அக்கா திரும்பி வந்த பிறகு விழாவைச் சிதம்பரம் வீட்டிலேயே நடத்தினார்கள். சொன்னபடி நான் போகவில்லை. அம்மா தனியாகப் பஸ் ஏறிப் போய்விட்டுத் திரும்பி வந்து, புடவைகூட மாற்றாமல் என்னிடம் சொன்னார்:

"நீ வரலன்னு ஒண்ணும் கொறஞ்சிடல. அவகூட வேல பாக்குற புள்ளைங்க இருவது பேரும் வேன் வெச்சிட்டு வந்துச்சுங்க. ஆளுக்கொரு தட்டு. பழம், பூவு, வளையல்னு தெரு மொனையிலேர்ந்து வரிசையா தூக்கிட்டு வந்துச்சுங்க. மாலய உங்க அக்காளே போட்டா."

எனக்கு அவமானமாக இருந்தது. அவமானத்தைக் கோபமாக மாற்றிக்கொண்டேன். அக்காவுடன் இரண்டு ஆண்டுகள் பேசவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்மாபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அம்மாவுடன் காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். பழைய கார், சின்ன பெட்ரோல் என்ஜின். ஊரைத் தாண்டியதும் வண்டி உதறி உதறி இழுக்க முடியாமல் நின்றது. உச்சி வெயில். மெக்கானிக் கடை எதுவும் திறந்திருக்கவில்லை. அம்மா தன் பையிலிருந்து போனை எடுத்து யாரையோ அழைத்தார்.

"தம்பி வண்டி நின்னுபோச்சு. நீயே கேளு" என்று சொல்லி என் கையில் கொடுத்தார்.

"பானெட்டத் தொற. ஸ்டார்ட் பண்ணிட்டு போன என்ஜின்கிட்ட புடி" என்றது அக்காவின் குரல்.

பிடித்தேன்.

"ரெண்டுதான் அடிக்குது. ஒரு சிலிண்டர் வேல செய்யல. மேல கருப்பா மூணு காயில் இருக்கும். ஒவ்வொண்ணா ஒயர் கிளிப்ப கழட்டி மாட்டு. எதக் கழட்டுனா சத்தம் மாறலயோ, அதான்."

"நடுவுல உள்ளது மாறல."

"ஆஃப் பண்ணிட்டு அந்தக் கிளிப்ப நல்லாத் தொடச்சி அழுத்து. பூட்டுற சத்தம் கேக்கணும்."

அழுத்தினேன். மறுபடி ஸ்டார்ட் செய்ததும் உதறல் இல்லை.

"இப்ப மூணும் அடிக்குது. அம்மாவுக்கு வெயில் ஆவாது, கெளம்பு."

"அக்கா" என்றேன்.

"சொல்லு."

"அடுத்த ஞாயித்துக்கெழம வீட்ல இருப்பியா?"

"இருப்பேன். வா" என்றார்.

அடுத்த ஞாயிறு, இரண்டு ஆண்டு தாமதமாக, சீர்த் தட்டுகளோடு போனேன். போன வாரம் வந்தவனை வரவேற்பதுபோல் மாமா, "வாங்க மச்சான்" என்றார். மருமகள் புடவையை வாங்கிக்கொண்டு காலில் விழுந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனவன், கேட்காமலே சாப்பிட்டுவிட்டு வந்தேன். தாய்மாமனே இல்லை என்ற அந்த வார்த்தையை அப்போது உங்கள் பலரிடமும் சொன்னேன். அது தவறு என்பதையும் உங்கள் எல்லார் முன்பும் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

கடந்த ஆண்டின் தொடக்கத்தில் அக்காவுக்கு வயிற்றில் நோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்காகச் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு நான்தான் காரில் அழைத்து வருவேன். பின் இருக்கையில் கண்மூடிச் சாய்ந்திருப்பார்; தூங்குகிறார் என்று நினைத்தால் ஆலப்பாக்கம் பக்கம் வரும்போது, "கியர மாத்துடா, என்ஜின் தெணறுது" என்பார். அந்தப் பயணங்களில் நாங்கள் பேசிக்கொண்ட அளவுக்கு முன்பு எப்போதும் பேசியதில்லை. நான்கு மாதம்தான். ஐம்பத்திரண்டு வயதில், மாமாவும் மகளும் பக்கத்தில் இருக்க, சிதம்பரம் வீட்டில் அமைதியாகக் கண்மூடினார்.

நோயின்போது பரிவுடன் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், விடுப்பெடுத்து முறைவைத்து வந்து அக்காவைக் குளிப்பாட்டித் துணி மாற்றிவிட்ட அந்த லைன் பெண்களுக்கும், இறுதி நாளில் வேலை உடையிலேயே வந்து நின்ற தொழிற்சாலை நண்பர்களுக்கும், காரியம் முடியும்வரை உடனிருந்த தெருவினருக்கும் உறவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாமாவுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது.

எழுதி முடித்ததும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எண்பதை நெருங்கும் அவருக்கு இப்போது பார்வை மங்கல். முழுவதும் கேட்டுவிட்டு, "அவளுக்கு உம்மேல கோவமே இல்லாத மாதிரி எழுதி வெச்சிருக்கியே" என்றார்.

"இருந்துச்சாம்மா?"

"இல்லாமயா? ரெண்டு வருஷமும் இருந்துச்சு. சனிக்கெழமயான எனக்குப் போன் பண்ணி, அவன் என்னப் பத்தி எதுனா கேட்டானாம்மான்னு கேப்பா. இல்லம்பேன். வெச்சிடுவா. அதயும் எழுது."

எழுதிவிட்டேன், அம்மா.