அம்மா எழுதிய மாதிரித் தேர்வுகள்

என் அம்மா தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை எழுதியபோது நான் பதினொன்றாம் வகுப்பில் இருந்தேன். வீட்டில் அவளைவிடக் கூடப் படித்தவள் நான் ஒருத்திதான். அதனால் வாத்தியார் வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா விபத்தில் இறந்த பிறகு, அம்மா வெங்காயக் காட்டுக்கும் பருத்திக் காட்டுக்கும் கூலிக்குப் போனாள். சிறுவாச்சூரிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். அங்கே இருந்த பால்வாடி டீச்சர் ஓய்வு பெறப் போகிறார், பத்தாவது பாஸ் பண்ணியிருந்தால் கணவனை இழந்தவர்களுக்கு முன்னுரிமை உண்டு என்று ஒரு பேச்சு வந்தது. அம்மா எட்டாவது பாஸ். தனியாக எழுதிப் பார்க்க அது போதும். மற்ற பாடங்களை முதல் தடவையிலேயே தாண்டிவிட்டாள். கணக்கு மட்டும் காலை வாரிவிட்டது. அதையும் ஜூன் பரீட்சையில் முடித்துவிட்டால் நிழலில் உட்கார்ந்து மாதச் சம்பளம் வாங்கலாம். தவறினால் அடுத்த பரீட்சை வருவதற்குள் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும்.

என்னிடம் ஐந்து வருடப் பழைய வினாத்தாள்கள் இருந்தன. "வந்ததுதான் திரும்ப வரும், அதையே போட்டுப் போட்டுப் பாருங்க" என்பது எங்கள் பள்ளியில் எல்லா வாத்தியார்களும் சொன்ன வேதம். அதே வேதத்தை நான் அம்மாவுக்கு ஓதினேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் ஒரு தாளை அவள் முன்னால் வைப்பேன். அலாரம் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அக்கம்பக்கம் பார்க்கக் கூடாது என்று மிரட்டுவேன். பார்த்துக் காப்பியடிக்க அங்கே ஒரு கோழிதான் இருந்தது. அம்மா சிரிக்கமாட்டாள். ஸ்கேல் வைத்து மார்ஜின் போட்டுக்கொண்டுதான் எழுதவே ஆரம்பிப்பாள்.

முதல் தாளில் இருபதைத் தாண்டவில்லை. எல்லாக் கணக்கையும் நானே போட்டுக் காட்டி, எழுதிக் கொடுத்தேன். வாரம் முழுக்க அதைக் காட்டுக்குக் கொண்டுபோய், பருத்தி எடுத்துக்கொண்டே முணுமுணுப்பாளாம். என்னடி மந்திரம் ஓதுற என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்திருக்கிறார்கள். அடுத்த முறை அதே தாளை வைத்தபோது அறுபது வாங்கினாள். பிறகு எண்பது. ஐந்து தாளும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். மூன்றாவது சுற்றில் தொண்ணூறுக்குக் கீழே இறங்கவேயில்லை. காலத்தில் படித்திருந்தால் இந்த மனுஷி கலெக்டர் ஆகியிருப்பாள் என்று ஊரெல்லாம் பெருமையடித்தேன்.

பரீட்சை ஒரு திங்கட்கிழமை வந்தது. அம்மன் கோயில் வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும் என்பதால் சிறுவாச்சூரில் பஸ் முழுக்கக் கூட்டம். படியில் தொற்றிக்கொண்டு பெரம்பலூர் போனோம். பள்ளிக்கூட வாசலில் நான் காத்திருந்தேன். வெளியே வந்த அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அப்பா போனபிறகு நான் பார்த்ததில்லை.

"பாப்பா, எல்லாம் நம்ம தாள்ல உள்ள கணக்குதான். ஒண்ணு விடாம போட்டுட்டேன்."

பஸ் ஸ்டாண்டில் எனக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தாள். நான் வினாத்தாளைப் பிரித்தேன். கூம்பின் கன அளவு காண்க என்றிருந்தது. எங்களிடம் இருந்த தாளிலும் அதே கணக்கு, அதே உயரம். அதில் ஆரம் ஏழு. இதில் பதினான்கு.

அதற்கு என்ன விடை எழுதினாய் என்று கேட்டேன். ஆயிரத்து இருநூற்று முப்பத்திரண்டு என்று பட்டென்று சொன்னாள். அது ஏழுக்கு வரும் விடை. அடுத்ததைக் கேட்டேன். அதுவும் பழைய தாளின் விடை. பிறகு நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை, அவளே வரிசையாக ஒப்பித்தாள். பாதி ரோஸ் மில்க்கைக் கீழே வைத்தேன். பஸ் வந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

ரிசல்ட் வரும்வரை அந்த வீட்டில் இருந்தது எனக்கு நரகம். அம்மா பால்வாடிக்குக் கட்டிக்கொண்டு போக இரண்டு சேலைகளுக்கு ஃபால்ஸ் அடித்து வைத்தாள். தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். பாதி கேலியாகவும் பாதி நிஜமாகவும் ஊரில் அவளை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் கோபப்படுவதுபோல் நடித்தாள். வரைபடத்திலும் வடிவியலிலும் படத்துக்குக் கிடைக்கும் மார்க் எப்படியாவது அவளைக் கரையேற்றிவிடும் என்று நான் சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன். தாள் திருத்துகிறவர் நல்ல மனுஷராக அமைய வேண்டும் என்றுகூட வேண்டினேன்.

இருபத்தொன்பது வந்தது. பாஸுக்கு முப்பத்தைந்து வேண்டும்.

அம்மா அழவில்லை. எங்கே தப்பு என்று காட்டச் சொன்னாள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதான பாப்பா?"

ஏழையும் பதினான்கையும் பேனாவால் வட்டமிட்டேன். அடுத்த கணக்கிலும் அப்படியே.

"அப்ப நம்பர மாத்துவாங்களா?"

மாற்றுவார்கள், வழிதான் ஒன்று, நம்பர் எதுவாகவும் இருக்கலாம் என்றேன்.

"இத ஏன் எனக்கு யாருமே சொல்லல?"

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவள் படித்த பள்ளியில் வாத்தியார் கரும்பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதினார்கள், அதுவே பரீட்சையில் வந்தது, அதை அப்படியே ஒப்பித்து எட்டாவது வரை வந்தாள். நாங்களும் கணக்கைக் கடம் அடித்தவர்கள்தான். நம்பர் மாறும் என்பது நடுவில் எங்கேயோ எனக்குத் தானாகப் புரிந்திருக்கிறது. எந்த வாத்தியாரும் அதை வாயால் சொன்னதாக நினைவில்லை. இதைக்கூட ஒருத்தருக்குச் சொல்லித்தர வேண்டும் என்று எங்கள் ஊரில் யாருக்குமே தோன்றவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்றும் அடங்கவில்லை.

அம்மா ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். மார்ஜின் போட்டாள். ஆரம் ஏழு என்று இருந்த இடத்திலெல்லாம் பதினான்கு போட்டு, மெதுவாக, வாய்க்குள் பெருக்கிக்கொண்டே எழுதினாள். கடைசி வரியில் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டு என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு என் பக்கம் தள்ளினாள்.

"சரியா பாப்பா?"

சரியாகத்தான் இருந்தது. சரி என்று நான் சொன்ன பிறகுதான் அவள் அழுதாள்.