புருல் டீச்சரின் ஆப்ரிகாட் மரம்

கல்லறை வேலிக்குப் பூசி மிஞ்சிய நீலப் பெயிண்டைத்தான் புருல் தன் வகுப்பறைச் சுவருக்கு அடித்தாள். அந்த நிலக்கரி ஊரில், செத்தவர்களுக்கு இரும்பு வேலி செய்து கொடுக்கும் வெல்டர் ஒருவன்தான் கேட்டதும் டப்பாவை எடுத்து நீட்டினான்.

"கொண்டு போங்க எஜே. பிள்ளைங்களுக்கு வானமா இருக்கட்டும். இங்க இருக்கிறவங்க யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க" என்று கல்லறைப் பக்கம் கையைக் காட்டிச் சிரித்தான்.

அந்த ஊர்ப் பேச்சில் எஜே என்றால் அக்கா. பிள்ளைகளுக்கும் அவள் எஜேதான், பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் எஜேதான். அவளுக்கென்று பிள்ளை இல்லை. கட்டட வேலைக்கு ரஷ்யா போன கணவன் முதல் இரண்டு குளிர்காலம் போன் செய்துகொண்டிருந்தான். பிறகு ஒருநாள் இவள் அழைத்தபோது ஒரு பெண் எடுத்தாள். அதற்குப் பின் புருல் அழைக்கவில்லை. மூன்றாம் வகுப்பு, மண் அடுப்பு, உடைந்த கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தாள் ஒட்டிய ஜன்னல், அவரவர் வீட்டிலிருந்து ஆளுக்கொரு கட்டி நிலக்கரி கொண்டுவரும் பிள்ளைகள். அவள் வாழ்க்கை அதற்குள் அடங்கிவிட்டது.

அந்த வருஷம் அவள் சுவருக்கு வர்ணம் அடிக்கப் புறப்பட்டதற்குக் காரணம் ஒரு கோட்டு.

சோவியத் உடைந்ததும் அரசாங்கச் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். வேறு பிழைப்பு இல்லாத ஆண்கள் மலைச்சரிவில் தாங்களாகவே குழி தோண்டிக் கரி எடுத்தார்கள். ஒருவன் கீழே இறங்கி வெட்டுவான். இன்னொருவன் மேலே கை ராட்டினத்தில் கயிற்றைப் பிடித்திருப்பான். அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் ஒரு குழி சரிந்தது. கீழே இருந்தவன் ஒரோசாலி. மேலே கயிறு பிடித்தவன் அவனுடைய சிநேகிதன் கம்சி. காலடி மண் குலுங்கியதும் கம்சி கயிற்றை விட்டுவிட்டு ஓடினான். ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரும்பி வருவதற்குள் குழியின் வாய் மூடிப்போயிருந்தது. விடாமல் பிடித்திருந்தால் ஒரோசாலி பிழைத்திருப்பானா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது.

ஒரோசாலியின் மகன் எசென், கம்சியின் மகள் ஐசுலூ, இரண்டு பேருமே புருலின் வகுப்பு.

வீட்டில் பெரியவர்கள் பேசுவது வகுப்பில் வந்து விழாமல் இருக்குமா? "கயித்த விட்டவன் மவ" என்று ஐசுலூவுக்குப் பெயர் வைத்தார்கள். அவள் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. அவள் கை பட்ட சாக்கட்டியை வேறொரு பிள்ளை தொடுவதில்லை. ஒருநாள் இடைவேளை முடிந்து வந்தால் அவளுடைய கோட்டைக் காணோம். தேடிப்பார்த்ததில் அது வெளியே கக்கூஸ் குழிக்குள் கிடந்தது. யார் போட்டது என்று புருல் கேட்டாள். ஒரு தலையும் நிமிரவில்லை. எசென் மட்டும் நேராக அவள் கண்ணைப் பார்த்தான்.

"நான் போடல எஜே. ஆனா போட்டவன் பேரைச் சொல்லமாட்டேன்."

புருல் தன் சால்வையைச் சுற்றி ஐசுலூவை வீட்டுக்கு அனுப்பினாள். அடித்தால் பயப்படுவார்கள், திட்டினால் மறைவாகச் செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். இருண்டு கிடந்த அந்த அறையில் உட்கார்ந்திருந்தால் பிள்ளைகளின் மனசும் அப்படித்தான் ஆகும் என்று தோன்றியது.

அப்படி வந்ததுதான் நீலப் பெயிண்ட். தரைக்கு அடிக்கும் செம்பழுப்புப் பெயிண்டில் அடிமரமும் கிளைகளும் வரைந்தாள். பிள்ளைகள் கைகளைப் பச்சையில் முக்கிச் சுவரில் அழுத்தினார்கள், அதெல்லாம் இலை. அன்றைக்கு ஐசுலூவும் முழங்கைவரை பச்சையாக நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பாதிக் கிணறு தாண்டிவிட்டோம் என்று புருல் நினைத்துக்கொண்டாள்.

ஆரஞ்சு நிற அட்டையில் ஆப்ரிகாட் பழங்கள் வெட்டி வைத்தாள். "யாருக்காவது நல்லது செஞ்சீங்கன்னா உங்க பேர் எழுதி ஒரு பழம் மரத்துல ஒட்டுவேன்."

பிள்ளைகளுக்கு வெறி பிடித்துவிட்டது. "எஜே, இவனுக்கு என் ரப்பரைக் குடுத்தேன்!" "எஜே, நான் கதவ சாத்துனேன், அவளுக்குக் குளிருதுன்னு!" "பொய் எஜே, எனக்குக் குளிரவே இல்ல!" மரம் பழுத்தது. ஐசுலூவின் பெஞ்சு மட்டும் அப்படியே காலியாக இருந்தது.

அப்போதுதான் புருல் அந்த வார்த்தையைச் சொன்னாள். "யாரோட யாரும் பேசுறதில்லையோ, அவங்களுக்குச் செய்யுறதுதான் பெரிய நல்லது. அதுக்குப் பெரிய பழம்."

மறுநாளிலிருந்து ஐசுலூவின் மேஜையில் சாமான் குவிந்தது. கடித்து மிச்சம் வைத்த ரொட்டி, விரல் கிழிந்த கையுறை, காலுக்குச் சின்னதாகிப்போன செருப்பு. வைத்த கையோடு பிள்ளை திரும்பி, "பாத்தீங்கல்ல எஜே?" என்று கேட்கும். ஐசுலூ தலையைக் குனிந்து மேஜையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருப்பாள். கூச்சப்படுகிறாள் என்று புருல் எண்ணினாள். எசென் மட்டும் எதுவும் கொண்டுவரவில்லை. மரத்தில் அவன் பெயரில் ஒரு பழமும் இல்லை.

தலைமை ஆசிரியைக்கு மரம் ரொம்பப் பிடித்துப்போனது. வட்டாரத்திலிருந்து வந்த இரண்டு அதிகாரிகளை அழைத்துவந்து காட்டினாள். ஐசுலூவை எழுந்து நிற்கச் சொன்னாள்.

"பாருங்க, கஷ்டப்பட்ட வீட்டுப் பொண்ணு. இதெல்லாம் கூடப் படிக்கிற பிள்ளைங்க குடுத்தது. ஐசுலூ, உன் சிநேகிதங்களுக்கு நன்றி சொல்லும்மா."

ஐசுலூ நின்றாள். பிறகு மேஜையில் இருந்ததையெல்லாம் இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு போய், அடுப்பின் கதவைத் திறந்து உள்ளே போட்டாள். கம்பளி கருகும் நாற்றம் அறை முழுக்கப் பரவியது.

"நன்றி கெட்ட ஜென்மம்! அப்பனப் போலத்தானே இருக்கும்" என்றாள் தலைமை ஆசிரியை, அதிகாரிகளின் காதில் விழும்படியே.

அடுத்த நாள் ஐசுலூ வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. புருல் அவள் வீடு தேடிப் போனாள். தாய் சலீமா கதவைத் திறந்தாள், ஆனால் வழி விடவில்லை.

"என் பொண்ணு என்ன பிச்சைப் பாத்திரமா எஜே? உங்க பிள்ளைங்க தர்மம் பண்ணிப் பழகுறதுக்கு அவதான் கெடச்சாளா?"

உள்ளேயிருந்து கம்சியின் குரல் கேட்டது. "வரட்டும் விடு. வெளிய நிக்கவெச்சுப் பேசாத."

அவன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். சலீமா மனசில்லாமல் டீ ஊற்றினாள். கம்சி கிண்ணத்தைத் தொடவில்லை.

"ஊர்ல பேசுறது பொய்யில்ல எஜே. விட்டேன். கை தானா விட்டுச்சு, காலு தானா ஓடுச்சு. அவன் என் பேரச் சொல்லிக் கூப்பிட்டது காதுல கேட்டுச்சு. அப்புறமும் ஓடுனேன். அத என் பொண்ணுகிட்டயும் சொல்லிட்டேன். வேற யாரோ சொல்லித் தெரியுறதுக்கு நானே சொல்றது மேலுன்னு."

புருல் மூலையில் இருந்த ஐசுலூவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, திரும்ப வகுப்புக்கு வரும்படி கேட்டாள். அந்தப் பிள்ளை அவளை நிமிர்ந்து பார்த்தது.

"பழம் குடுக்கலேன்னா யாராச்சும் என் பக்கத்துல வருவாங்களா எஜே?"

புருல் அன்று மாலையே பள்ளிக்குப் போய் நாற்காலி மேல் ஏறிப் பழங்களை எல்லாம் உரித்தெடுத்தாள். பெரிய பழங்களை உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து வந்தது. மறுநாள் வெறும் மரத்தைப் பார்த்துப் பிள்ளைகள் திகைத்தார்கள்.

"இனிமே பழம் கிடையாது" என்றாள்.

முன் பெஞ்சுப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். "அப்ப இனிமே நல்லது செய்ய வேணாமா எஜே?"

யாரும் சிரிக்கவில்லை. அவன் நிஜமாகத்தான் கேட்டான்.

ஐசுலூ வந்தாள். வாசிப்புப் பாட நேரத்தில் புருலே போய் அவள் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். மற்றபடி எதுவும் மாறவில்லை.

பனி இறுகியது. கம்சி மறுபடி குழிக்கு இறங்கினான். அவனை நம்பிக் கயிறு கொடுக்கவோ, அவனுக்காகக் கயிறு பிடிக்கவோ ஊரில் ஆள் இல்லை. அதனால் சலீமாவே ராட்டினத்தில் நின்றாள்; அவன் கீழிருந்து கயிற்றை ஆட்டினால் இழுப்பாள். விடுமுறை நாட்களில் ஐசுலூவும் கூடவே போய்ச் சிதறிய கரியைச் சாக்கில் பொறுக்கிப் போடுவாள்.

அப்படி ஒரு விடுமுறை நாள் முற்பகலில், கோட்டுப் பொத்தான்கூடப் போடாமல் ஐசுலூ புருலின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"எஜே, அப்பா கயித்த ஆட்ட மாட்டேங்குறாரு. மேல ஏறிட்டு இருந்தாரு, நடுவுல நின்னுட்டாரு. அம்மாவால தூக்க முடியல. விட்டா விழுந்துருவாருன்னு பிடிச்சிட்டே நிக்கிறாங்க. பக்கத்துக் குழியில சதீர் மாமா கிட்டப் போய்ச் சொன்னேன். யாரும் வரல."

சதீர், செத்துப்போன ஒரோசாலியின் தம்பி.

புருல் சரிவில் விழுந்து எழுந்து ஓடினாள். சலீமா ராட்டினத்தின் கைப்பிடியில் நெஞ்சை அழுத்திக் குனிந்திருந்தாள். உள்ளங்கை கிழிந்து கயிற்றில் ரத்தம் உறைந்திருந்தது. புருலும் சேர்ந்து பிடித்தாள். இரண்டு பெண்கள் பலத்துக்கு ராட்டினம் ஒரு சுற்றுக்கூட நகரவில்லை. கூப்பிடு தூரத்தில் ஏழெட்டு ஆண்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சதீர் பாய்கே! அண்ணனா நெனச்சுக் கேக்குறேன், வாங்க! ஒரு கை பிடிச்சாப் போதும்!"

"கீழ விஷக் காத்து எஜே. போறவனும் போயிருவான்" என்றான் சதீர்.

"கீழ போக வேணாம், மேல நின்னு இழுங்க!"

சதீர் சிகரெட்டைப் பற்றவைத்தான். பிறகு, "அன்னிக்கு எங்கண்ணன் கூப்பிட்டப்ப யாரு இழுத்தா?" என்றான். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருவன் ஒரு அடி எடுத்து வைத்தான். சதீர் திரும்பிப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

கயிறு திடீரென்று லேசாகிவிட்டது. இடுப்பில் போட்ட முடிச்சு நழுவியிருக்க வேண்டும். கீழே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. சலீமா கைப்பிடியை விடாமல் அப்படியே பனியில் மண்டியிட்டாள்.

அதன் பிறகுதான் சதீர் வந்தான். குழிவாயில் தார்ப்பாயை விசிறிக் காற்றை மாற்றச் சொன்னான். மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு, கயிற்றைத் தன் இடுப்பில் சுற்றினான்.

"செத்தவனுக்கு எறங்குறேன். முஸ்லிமை மண்ணுக்குள்ள அநாதையா விடக்கூடாது" என்றான், யாரையும் பார்க்காமல்.

கம்சியை மேலே கொண்டுவந்து போட்டார்கள். சதீர் தன் தொப்பியாலேயே அவன் முகத்துக் கரியைத் துடைத்தான்.

மறுநாள் வகுப்பில் ஐசுலூவின் இடம் காலி. வருகை எடுக்கும்போது எசென் எழுந்து நின்றான்.

"இப்பச் சரியாப் போச்சு எஜே. எனக்கும் அப்பா இல்ல. அவளுக்கும் இல்ல."

புருல் அவன் கன்னத்தில் அறைந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு பிள்ளையின் மேல் கை வைத்ததில்லை. எசென் அழவில்லை. "சித்தப்பா அப்படித்தான் சொன்னாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். புருல் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "சாவு வீட்டுல தண்ணி தூக்க ஆள் இல்ல. நான் போறேன். வர்றவங்க வாங்க. வந்தா நல்ல பிள்ளைன்னு சொல்லமாட்டேன். வரலேன்னா கேக்கவும் மாட்டேன்" என்றாள்.

நாலைந்து பிள்ளைகள் வந்தார்கள். கம்சி வீட்டு முற்றத்தில் சாவுக் கூடாரம் போட்டிருந்தது. உள்ளே சலீமா கையில் துணிக்கட்டோடு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். ஊர் வழக்கப்படி கூடாரத்தின் வெளியே நின்று அழவேண்டிய ஆண்களில் வந்தவர்கள் ரொம்பக் குறைவு. அந்த வெல்டர் வந்திருந்தான். அவன்தான் டீக்கு வெந்நீர் காய்ச்சும் சமோவாருக்கு நெருப்பு மூட்டினான்.

பொழுது சாயும் நேரத்தில் ஐசுலூ சாம்பல் கொட்ட வெளியே வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் எசென் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ. புருல் வாளியோடு கொஞ்சம் தள்ளி நின்றுவிட்டாள்.

"உங்கம்மா கயித்த விட்டுட்டாங்களா?" என்று அவன் கேட்டான்.

"இல்ல. விடவே இல்ல."

"கடைசிவரைக்கும் பிடிச்சிருந்தாங்களா?"

"கையெல்லாம் கிழிஞ்சிருச்சு."

"பிடிச்சிருந்தும் செத்துட்டாரா?"

"ம்."

எசென் வேலிக் கம்பியை இறுகப் பிடித்தான். இத்தனை மாதமாக அவன் உள்ளுக்குள் கட்டி வைத்திருந்த ஏதோ ஒன்று இடிந்து விழுவதை அவன் முகத்தில் புருல் பார்த்தாள். அவனுக்கு அது ஆறுதலாக இருந்ததா, அதைவிடப் பெரிய துக்கமாக இருந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவன் திரும்பிப் போய்விட்டான்.

ஐசுலூ மறுபடி வகுப்புக்கு வந்த அன்று, எசென் தன் பையை எடுத்துக்கொண்டு போய் அவள் பெஞ்சில் உட்கார்ந்தான். அவன் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. புருல் பார்க்காதவள் போலப் பலகைக்குத் திரும்பிப் பெருக்கல் கணக்கு எழுதினாள்.

பனி உருகியதும் சலீமா மகளைக் கூட்டிக்கொண்டு ரஷ்யாவில் கட்டடங்களில் தரை துடைக்கும் வேலைக்குப் போய்விட்டாள். பஸ் ஏறும்போது புருல் கொண்டுபோன ரொட்டியை வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான், அதன் பிறகு அவர்களைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. கோடையில் பள்ளிக்குச் சுண்ணாம்பு அடித்தபோது மரமும் மறைந்தது. அடுத்த வருஷம் தலைமை ஆசிரியை இன்னொரு மரம் வரையச் சொன்னாள். புருல் முடியாது என்று சொன்னதால், அதை வேறொரு டீச்சர் வேறொரு வகுப்பில் வரைந்தாள்.

எசென் ஏழாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுச் சித்தப்பாவோடு கரிக்குப் போனான். கேள்விப்பட்ட அன்றே புருல் சதீரின் வீட்டுக்குப் போனாள். பையனைத் திருப்பி அனுப்பும்படி கேட்டாள். சதீர் மரியாதையாகத்தான் நடத்தினான். பெரியவர்களுக்கான இடத்தில் உட்காரவைத்து, தன் கையாலேயே டீ ஊற்றிக் கொடுத்தான்.

"படிச்சு என்ன எஜே ஆகப்போகுது? நீங்களே சொல்லுங்க."

புருல் சொல்லிப் பார்த்தாள். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான், பையனை அனுப்புகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. டீ ஆறுவதற்குள் குடித்துவிட்டு, வெயில் இருக்கும்போதே அவள் வீடு வந்து சேர்ந்தாள்.