ஃபார்மட் பண்ணட்டுமா என்று கேட்டதாம்

என் ஆயுத பூஜை வீடியோக்கள் இருந்த ஹார்டு டிஸ்க்கை என் தங்கை மகன் சுரேஷ் ஃபார்மட் செய்துவிட்டான். அது ஒரு அநியாயம். தப்பு என்னுடையது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பது இன்னொன்று.

கம்பெனி கேட்டில் உடைத்த பூசணிக்காயும் குங்குமமும் மிஷின் ஆயிலும் கலந்த ஒரு வாசனை... கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஆயுத பூஜை என்றால் எனக்கு அதுதான். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் கம்பெனிக்குள் வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் விடுவார்கள். கேமராவையும் அன்றுதான் விடுவார்கள். பஜாரில் வீடியோ கடை வைத்திருந்த என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

நான் நடுவில் வெட்ட மாட்டேன். மிஷினுக்குப் பொட்டு வைப்பதிலிருந்து பொரி கொடுப்பது வரை ஒரே ஓட்டம், ஒரே ஃபைல்.

அங்கேதான் தொல்லை ஆரம்பித்தது. அப்போது டிஸ்க்குகள் FAT32 என்ற ஃபார்மட்டில் வரும். நாலு ஜிபிக்கு மேல் போனால் ஃபைலை ஏற்றாது. துண்டு போடு என்றார்கள், மறுத்தேன். விண்டோஸின் இன்னொரு ஃபார்மட்டான NTFS வைத்தால் ஏறியது. ஆனால் கடைக்கு வரும் பென் டிரைவெல்லாம் விண்டோஸுக்கு வைரஸ் கொண்டுவந்தது. exFAT-உம் வைத்துப் பார்த்தேன். காப்பி ஆகும்போது கரண்ட் போய், ஒரு பூஜையே திறக்காமல் போனது.

கடைசியில் விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறினேன், டிஸ்க்கை அதன் ext4 ஃபார்மட்டில் வைத்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. அரைகுறை இங்கிலீஷில் நெட்டில் படித்ததுதான். அதற்குப் பிறகு எத்தனை தடவை கரண்ட் போயும் ஒரு ஃபைல் கெடவில்லை.

அந்த டிஸ்க்கில் ஒரு இரும்பு ரோலிங் மில் வீடியோ. அங்கே வேலை பார்த்த ஏகாம்பரம் தன் மனைவி அம்சாவை மிஷின் முன்னால் நிறுத்திச் சொல்கிறார்.

"தோ பாரு, இதுகூடதான் டெய்லி குடும்பம் நடத்திக்கினு கீறேன். உன்னவிட நல்லா சத்தம் போடும்."

"அப்போ இதையே கட்டிக்கினு இங்கயே கட."

கேமரா குலுங்கும். சிரித்தது நான்.

ஏகாம்பரம் கொரோனாவில் போய்விட்டார். மில்லும் மூடிவிட்டது. போன மாதம் பொன்னேரியிலிருந்து அம்சா போன் செய்தாள். நான் கொடுத்த டிவிடி கீறல் விழுந்து ஓடவில்லையாம்.

"பொண்ணுக்கு நிச்சயம் வெச்சிகிறோம்ணே. அப்பா கொரலே மறந்துபோச்சுன்னு அழுவுது. அன்னைக்கு டிவில போடணுமாம்."

கடை இப்போது சுரேஷிடம். டிஸ்க்கும் அங்கேதான். லினக்ஸில்தான் திறக்கும் என்று சாவி கொடுத்த அன்றே சொல்லியிருந்தேன். போய்க் கேட்டேன்.

"விண்டோஸ்ல போட்டேன் மாமா, ஃபார்மட் பண்ணட்டுமான்னு கேட்டுச்சு, யெஸ் குடுத்தேன். ஊர்ல எவனும் வெக்காத சிஸ்டத்துல வெச்சிக்கினு என்னைக் கேட்டா?"

"ஊட்ட இடிக்கட்டுமான்னு கேட்டாலும் யெஸ் குடுப்பியாடா?"

அதற்குள் ஒரு கல்யாண வீடியோவையும் அதில் ஏற்றிவிட்டிருந்தான். அம்சாவிடம் இன்று வரை தேடிக்கொண்டிருக்கிறேன் என்றுதான் சொல்லி வருகிறேன்.

இப்போது ஆளுக்கொரு கேமரா பாக்கெட்டில். ஆனால் சிப்காட் கேட்டில் போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். சேஃப்டி என்று குடும்பத்தையும் உள்ளே விடுவதில்லை. மிஷின் பக்கத்தில் நிற்கும் இன்னொரு ஏகாம்பரத்தை இனி யார் எடுப்பார்கள்...

சலித்துவிட்டது. இருந்தாலும் சொல்கிறேன்.

சுரேஷ் அந்த டிஸ்க்கில் இனி எதையும் ஏற்றக் கூடாது. கழற்றி என்னிடம் தர வேண்டும். மேலே வேறு எதுவும் எழுதாத இடத்தில் பழையது இன்னும் இருக்கும். அதைத் தேடுவது என் வேலை. அந்த மில்லில் வேலை பார்த்தவர்கள் பீரோவில் பூஜை டிவிடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பொன்னேரிக்குப் போய் அம்சாவிடமும் அந்தப் பெண்ணிடமும் நடந்ததைச் சொல்ல வேண்டியது சுரேஷ். யெஸ் கொடுத்தவன் அவன்.