ஒரே கடையின் இரண்டு சிவப்பு

"கேம்பல் பே கப்பல் காலையில் ஜெட்டிக்கு வந்தது. மனைவியின் தங்கையும் அவள் மகளும். சாமான்: இரும்புப் பெட்டி ஒன்று, தேங்காய்ச் சாக்கு ஒன்று, பழைய விரிப்பு ஒன்று." எங்கள் போர்ட் பிளேருக்கு அரசாங்கம் புதுப் பெயர் வைத்த மறு வருடம், பிப்ரவரி இரண்டாம் செவ்வாய்க்கு எதிரே என் நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. அந்த விரிப்பைப் பற்றி இன்னும் எழுத வேண்டியிருக்கும் என்று அன்று காலையில் எனக்குத் தெரியாது.

சுனாமி வந்து இரண்டு வருடம் கழித்து, தங்கையின் கணவருக்குத் தெற்குக் கோடித் தீவில் இருக்கும் கேம்பல் பேக்கு மாற்றல் ஆனது. அவர்கள் கிளம்புமுன் என் மனைவி அபர்டீன் பஜாரில் சிவப்பு, நீலம், வெள்ளை என்று பருத்தித் துணி வாங்கி, சதுரம் சதுரமாக வெட்டி, அடியில் பழைய சேலைத் துணி வைத்து இரண்டு விரிப்புகள் தைத்தாள். ஒற்றைக் கட்டில் அளவு. ஒன்று எங்களுக்கு, ஒன்று தங்கைக்கு.

இப்போது தங்கையின் மகளுக்குத் தவக்காலம் தொடங்குமுன் கல்யாணம். மாப்பிள்ளை வீடு வடக்கே திக்லிபூரில். அகலமான கட்டில் வாங்கியிருந்தார்கள். இரண்டு விரிப்பையும் சேர்த்துத் தைத்து ஒன்றாக்கிப் பெண்ணோடு அனுப்பலாம் என்பது தங்கையின் யோசனை. போனில் கேட்டதும் என் மனைவிக்குச் சந்தோஷம்.

சாப்பாட்டுக்குப் பின், இடம் போதாமல் கால்மாட்டுப் பக்கத்தை மடித்து, இரண்டையும் ஹாலில் பக்கம் பக்கமாக விரித்தார்கள். எங்களுடையதில் தலையணைப் பக்கச் சிவப்பு இன்னும் அடர்த்தியாக இருந்தது. தங்கையுடையதில் சிவப்பு முழுவதும் வெளிறிய ரோஜா நிறம்.

தங்கை குனிந்து இரண்டையும் தடவினாள். "ஒன்னோடது மாதுளம்பழம். என்னோடது பீட்ரூட் அவிச்ச தண்ணி."

"நீ வாராவாரம் கல்லுல அடிச்சிருப்ப. இங்க ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி. நான் எங்க துவைக்க?"

"துவைச்சா எல்லாத் துணியும் இப்படியாக்கா போகும்? எனக்கு எடுத்தது வேற துணி. அன்னைக்கே நெனச்சேன்."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. அதனால்தான் என் மனைவிக்கு அதிகம் வலித்தது என்று நினைக்கிறேன். அக்கா தனக்கு மட்டமான துணியைக் கொடுத்து ஊருக்கு அனுப்பினாள் என்று ஒருத்தி இத்தனை வருடம் நினைத்திருக்கிறாள். கல்யாணம் முடிந்து அதே நினைப்போடு கப்பல் ஏறினால், பிறகு எப்போது வருவாளோ.

"தங்கச்சிக்கு மட்டம், எனக்கு ஒசத்தின்னு வாங்குறவளா நான்?" என்று மட்டும் கேட்டுவிட்டு என் மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

வெயில் துணியின் மேல்முகத்தைத்தான் வெளுக்கும், தையலுக்குள் மடிந்திருக்கும் விளிம்பில் பழைய நிறம் அப்படியே இருக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். இரண்டும் ஒரே சிவப்புதான் என்று காட்ட, பிளேடு எடுத்து எங்கள் விரிப்பின் ஓரத்தில் ஒரு தையலைப் பிரித்தேன். உள்ளே இருந்த சிவப்பு கடையில் பார்த்தது போலவே இருந்தது. தங்கையுடையதிலும் ஓர் ஓரத்தைப் பிரித்தேன். உள்ளேயும் வெளிறியிருந்தது. தண்ணீரும் சோப்பும் தையலுக்குள்ளும் போகும். சோதனைக்குப் பிறகுதான் எனக்கு அது தோன்றியது.

"பாத்தியளா அத்தான்" என்றாள் தங்கை. "உள்ளயும் அப்படித்தான்."

அடுக்களை வாசலில் நின்றிருந்த என் மனைவி என்னைப் பார்த்தாள். "ஒங்கள யாரு கேட்டா?"

அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்த கல்யாணப் பெண் நிமிர்ந்தாள். "சோடோம்மா, விட்டுத்தள்ளு. ரெண்டையும் வெட்டி மாத்தி மாத்தி வச்சுத் தைங்க பெரியம்மா. டிசைன்னு நெனச்சுக்குவாங்க."

வேறு வழியும் இல்லை. இப்படியே இணைத்தால் நடுவில் வெட்டி ஒட்டியது போலத் தெரியும். தையல்களைப் பிரிக்கப் பார்த்தார்கள். நூலோடு துணியும் வந்தது. ஆகவே தையலுக்கு உள்பக்கமாக, அடித்துணியோடு சேர்த்தே சதுரங்களை வெட்டினார்கள். என் மனைவியின் சதுரங்கள் ஜன்னல் ஓரம் ஓர் அடுக்கு, தங்கையுடையவை கதவோரம் ஓர் அடுக்கு.

காலையில் போயிருந்த கரண்ட் அப்போது வந்தது. யாரோ முழு வேகத்தில் விட்டிருந்த மின்விசிறி சுற்றியதும் இரண்டு அடுக்கின் மேல் துண்டுகளும் ஹால் முழுக்கப் பறந்தன.

தங்கைதான் முதலில் உட்கார்ந்து பொறுக்கத் தொடங்கினாள். வெளிறிய சிவப்பையெல்லாம் தன் பக்கம் இழுத்தாள். "இது என்னோடது. இதுவும். இதோ, இதவிட வெளுத்தது வேற கெடக்கு, இதுவும் எந்தலையெழுத்துத்தான்."

என் மனைவி அந்தக் கடைசித் துண்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அதன் மூலையில் ஒரு மைக் கறை.

"இது எங்க வீட்டுது. கால்மாட்டுல உக்காந்து டைரி எழுதுறேன்னு இவுக பேனாவத் தெறந்து போட்ட மை. அன்னைக்கு நான் போட்ட சத்தம் பக்கத்து வீட்டு பெங்காலிக்காரிக்கும் கேட்டுச்சு."

கறை என்னுடையதுதான். நான் தலையாட்டினேன்.

தங்கை அந்தத் துண்டைத் தன்னுடையது ஒன்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "இது எப்படி இவ்வளவு வெளுத்துச்சு?"

"கால்மாடு கெழக்கு ஜன்னலுக்கு நேரா. தெனமும் வெயில் விழும்."

தங்கை இரண்டு துண்டையும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு, "அப்ப ஒன்னோட மாதுளம்பழமும் வெளுக்கத்தான் செய்யுது" என்றாள்.

"மாதுளம்பழம்னு நான் சொல்லல, நீதான் சொன்ன. ரெண்டும் ஒரே கடைத் துணி."

"சரி, இது எங்கிட்டயே இருக்கட்டும்" என்று மைக்கறைத் துண்டைத் தன் அடுக்கில் வைத்தாள் தங்கை. "மீதி எதுவும் எனக்குத் தெரியல. நீயே பிரி."

"எனக்கு மட்டும் தெரியுமாக்கும்" என்றாள் என் மனைவி. பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே குவியலாக்கினார்கள்.

மறுநாள் பழைய படுக்கை விரிப்பு ஒன்றை அடியில் கொடுத்து, ஒருத்தி தையல் மெஷினை மிதிக்க, மற்றவள் துணியைப் பிடித்துக் கொடுத்தாள். விளிம்புகளை வெட்டிவிட்டதால் விரிப்பு கட்டிலைவிடச் சற்றுச் சிறுத்துவிட்டது. சுற்றிலும் நீலத்தில் ஒரு கரை சேர்க்க வேண்டியிருந்தது. கல்யாணம் முடிந்து பெண்ணோடு அது திக்லிபூர் பஸ்ஸில் போனது. தங்கை அடுத்த கப்பலில் கிளம்பினாள். ஜெட்டியில் அக்காவிடம், ஈஸ்டருக்கு வந்தால் தனக்கு ஒரு புது விரிப்புக்குத் துணி எடுக்க வேண்டும் என்றும், தானும் கூடவே கடைக்கு வருவதாகவும் சொன்னாள். என் மனைவி, "வா, வந்து நீயே தடவிப் பாத்து எடு" என்றாள்.

விரிப்புகள் தைத்த வருடத்துக் குறிப்பைத் தேடி எடுத்துப் பார்த்தேன். "அபர்டீன் பஜார், துணி" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் உறை விற்கிறார்கள். என் மனைவியைக் கேட்டால் ஒருநாள், கடைக்காரன் சிவப்பு முழுவதையும் ஒரே துணிக்கட்டிலிருந்து கிழித்துக் கொடுத்தான் என்கிறாள். இன்னொரு நாள், சிவப்பு பற்றாமல் அதே கடையில் வேறொரு கட்டைப் பிரித்தது போலவும் ஞாபகம் என்கிறாள். இரண்டு விரிப்பின் சிவப்பும் ஒரே கட்டுத் துணிதானா என்பது இதை எழுதும் வரை சரிபார்க்கப்படவில்லை.